காற்றைக் கட்டி வைக்கும் அம்மோனியா

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



பஞ்சப்படியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசுவதை விட்டுவிட்டு இன்றைக்கு அம்மோனியாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நோட்டீசில் பார்த்தவுடன் சில தோழர்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். சிரிப்பு நியாயமானதுதான். ஆனால் சிறிது காலமாகப் பத்திரிகைகளில் அடிபடும் செய்தியைப் பாருங்கள். நிலக்கரியின் காலம் முடிந்தது, எண்ணெயின் காலம் முடியப் போகிறது, இனிமேல் அம்மோனியாதான் எரிபொருள் என்கிறார்கள். அதுவும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் செய்யப்படும் 'பசுமை அம்மோனியா'வாம். அது கப்பலேறப் போகும் துறைமுகங்களில் ஒன்று தூத்துக்குடி. காற்று நம் பக்கத்துக் காற்று. நிலம் நம் பக்கத்து நிலம். தண்ணீரும் கடற்கரையும் நம்முடையவை. ஆலை வந்தால் அதில் வேலை செய்யப் போகிறவர்களும் நம்மவர்கள். அப்படியிருக்க, இது என்ன சரக்கு, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று நாம் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

அம்மோனியா நமக்குப் புதியதல்ல. விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அது அம்மோனியாதான். ஈயம் பூசுகிறவர் பித்தளைப் பாத்திரத்தைச் சூடேற்றி நவச்சாரத்தைத் தூவும்போது எழும்பும் புகையிலும் அது இருக்கிறது. ஐஸ் பாக்டரியில் தண்ணீரை உறைய வைப்பதும் அதுதான். யூரியா மூட்டை பிறப்பதும் அதிலிருந்துதான்.

அதன் உடம்பு மிகவும் எளிமையானது. நைட்ரஜன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் மூன்று பங்கு சேர்ந்தால் அம்மோனியா. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஹைட்ரஜனோ தண்ணீருக்குள் இருக்கிறது. மின்சாரத்தைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். அதைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. கரி என்பது அதில் கிஞ்சித்தும் இல்லை. ஆகவே அதை ஒழுங்காக எரித்தால் கரியமில வாயு வருவதில்லை. நைட்ரஜனும் நீராவியும்தான் மிஞ்சும். பூமி சூடேறுகிறது, பருவம் தப்புகிறது, ஒரு வருஷம் வெள்ளம், மறு வருஷம் வறட்சி என்று நாம் அனுபவித்து வருகிறோமே, அதற்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் கரியமில வாயுவே முக்கிய காரணம். ஆகவே கரியில்லாத எரிபொருளுக்கு இவ்வளவு மவுசு ஏற்பட்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

இப்போது மில் தொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு வருவோம். மின்சாரம் நெல்லைப்போல அல்ல. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம், ஆறு மாதம் கழித்து எடுத்துக் குத்தலாம். மின்சாரம் பிறந்த கணமே செலவாகிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரையில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களிலும் வீசுகிற காற்றில் இந்த யந்திரங்கள் பேயாய்ச் சுற்றுகின்றன. வாங்குவதற்கு இடமில்லாமல், "நிறுத்து" என்று உத்தரவு போட்டு, காற்று வீசும்போதே காற்றாலைகளை நிறுத்தி வைத்த நாட்களும் உண்டு. தை, மாசியில் காற்று படுத்துவிடுகிறது. அப்போது நிலக்கரிதான் கதி.

மில் முதலாளிகள் பலர் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். காற்றுக் காலத்து மின்சாரத்தை மின்வாரியத்தில் 'பாங்கிங்' செய்துவிட்டு பிற்பாடு எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டிருப்பீர்கள். பாங்கியில் பணம் போடுவதுபோல மின்சாரத்தை எங்கேயோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அது வெறும் கணக்குப் புஸ்தகம். ஆடியில் வந்த மின்சாரம் ஆடியிலேயே தீர்ந்துபோயிற்று. மாசியில் முதலாளி தன் கணக்கிலிருந்து 'எடுக்கிற' மின்சாரத்தை வாரியம் நிலக்கரியை எரித்தோ, வெளியில் விலைக்கு வாங்கியோதான் கொடுக்கிறது. இது போகட்டும், வேறொரு நாள் விரிவாகப் பேச வேண்டிய விஷயம்.

உண்மையிலேயே சேமித்து வைக்க வழி இல்லையா? இருக்கிறது. கோயம்புத்தூர் ஜில்லாவில் ஆனைமலைத் தொடரில் காடம்பாறை என்ற இடத்தில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிச்சமாக இருக்கும்போது கீழே உள்ள தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு டர்பைனைச் சுற்ற வைக்கிறார்கள். 100 யூனிட் செலவழித்து ஏற்றினால் 70, 80 யூனிட் திரும்பக் கிடைக்கும். பெரிய பாட்டரிகளில் வைத்தால் அதற்கும் மேலே கிடைக்கும். ஆனால் இவையெல்லாம் பகலில் வைத்து இரவில் எடுக்கிற சங்கதி. ஆடிக் காற்றை மாசி மாதத்துக்கு வைத்திருப்பதற்கோ, கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோவதற்கோ இவை உதவா.

அதற்கு ஏதாவதொரு பண்டம் வேண்டும். ஹைட்ரஜனையே வைத்துக்கொள்ளலாமே என்றால், அதைத் திரவமாக்குவதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி வரையில் குளிர வைக்க வேண்டும். சாமானிய காரியமல்ல. அம்மோனியா பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலேயே திரவமாகிவிடும். அல்லது நம் ஊர் வெயிலிலேயே பத்துப் பன்னிரண்டு மடங்கு அழுத்தத்தில், சமையல் காஸை அடைப்பதுபோல, அடைத்து வைக்கலாம். இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள்: ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட ஒரு லிட்டர் திரவ அம்மோனியாவில் ஒன்றரை மடங்கு அதிகமாக ஹைட்ரஜன் இருக்கிறது. போதாக்குறைக்கு, இதற்கான கப்பல்களும் தொட்டிகளும் குழாய்களும் ஏற்கெனவே உலகமெங்கும் இருக்கின்றன. பெரும்பாலும் உரத்துக்காக வருஷத்துக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா உலகத்தில் உற்பத்தியாகிறது.

இதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1909-ல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் என்ற விஞ்ஞானி, காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்யும் முறையைச் செய்து காட்டினார். கார்ல் பாஷ் என்ற இன்ஜினீயர் அதை ஆலைக்குக் கொண்டுவந்தார். காற்றைவிட 200 மடங்கு அழுத்தம், 400, 500 டிகிரி சூடு, நடுவே தூண்டுகோலாக இரும்புத் தூள். 1913-ல் ஓப்பௌ என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றைக்கு உலக ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேருடைய சோறு இந்த முறையில் வந்த உரத்தால் விளைவது என்றால், கண்டுபிடிப்பின் மகத்துவத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் அது யார் கையில் இருந்தது? ஆலை தொடங்கிய மறு வருஷமே ஏகாதிபத்திய யுத்தம் வந்தது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு சிலி நாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படை அந்த வழியை அடைத்துவிட்டது. உடனே வயலுக்குப் போக வேண்டிய அம்மோனியா குண்டுக்குப் போயிற்று. அது இல்லாதிருந்தால் ஜெர்மன் துரைத்தனத்தால் நாலு வருஷம் யுத்தம் நடத்தியிருக்க முடியாது. ஹேபரே 1915-ல் பெல்ஜியத்திலுள்ள ஈப்ர போர்க்களத்தில் குளோரின் விஷவாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தினார். யுத்தம் முடிந்ததும் நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது! 1933-ல் நாஜிகள் வந்ததும், யூதராகப் பிறந்த அந்த மனிதரே ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது வேறு கதை. தொழிலாளர்களின் கதை ஓப்பௌவில் இருக்கிறது. 1921 செப்டம்பர் 21-ந் தேதி அங்கே ஒரு கிடங்கில் குவித்திருந்த உரம் கெட்டிப்பட்டுப்போயிருந்தது. கடப்பாரைக்கு மசியாத குவியலை உடைக்க வெடி வைப்பது அங்கே வாடிக்கை. பல்லாயிரம் தடவை ஒன்றும் நேரவில்லை. அன்றைக்குக் குவியல் வெடித்தது. 500 பேருக்கு மேல் மாண்டார்கள். ஊரில் பெரும் பகுதி தரைமட்டமாயிற்று.

அம்மோனியாவை எரிபொருளாக்கும் யோசனையும் நேற்று முளைத்ததல்ல. இரண்டாவது யுத்தத்தின்போது, 1943-ல், டீசல் கிடைக்காமல் தவித்த பெல்ஜியத்தில் சில பஸ்களை அம்மோனியாவில் ஓட்டினார்கள். அது லேசில் தீப்பற்றாது என்பதால் நிலக்கரி வாயுவைக் கொஞ்சம் கலந்தார்கள். 1959 முதல் 1968 வரை அமெரிக்கா பறக்கவிட்ட எக்ஸ்-15 ராக்கெட் விமானத்துக்கும் அதுவே எரிபொருள். மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து அம்மோனியா செய்வதும் புதிதல்ல. நார்வே நாட்டில் 1920-களின் கடைசியிலேயே அருவி மின்சாரத்தைக் கொண்டு செய்தார்கள். அவ்வளவு தூரம் ஏன்? பஞ்சாபில் நங்கல் என்ற ஊரில், பாக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து உரம் செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலை 1960-களின் தொடக்கத்திலேயே நம் நாட்டில் நடந்தது. 'பசுமை' என்ற பெயர்தான் அன்றைக்கு வைக்கத் தெரியவில்லை! பிற்பாடு அந்த மின்சாரத்துக்கு வேறு பக்கம் கிராக்கி வந்தது. எண்ணெயும் எரிவாயுவும் சுலபமாகத் தெரிந்தன. அந்த முறை கைவிடப்பட்டது. ஆலுவாயில் 1947-ல் விறகிலிருந்து வாயு எடுத்து உரம் செய்தார்கள். நெய்வேலியில் 1960-களில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்தார்கள். எதிலிருந்து செய்தாலும் அம்மோனியா அம்மோனியாதான். இன்றைக்கு உலகில் பெரும்பாலும் எரிவாயுவிலிருந்தும், சீனத்தில் முக்கியமாக நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள். இதனால் வருஷத்துக்கு 45 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது.

இனிமேல்தான் கணக்கு. விவசாயத் தோழர்களும் மில் தோழர்களும் இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மெகாவாட் காற்றாலை முழு வேகத்தில் பத்து மணி நேரம் சுற்றினால் 10,000 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அந்த 10,000 யூனிட்டைக் கொண்டு ஏறக்குறைய ஒரு டன் அம்மோனியா செய்யலாம். இந்த ஒரு டன்னை மறுபடி எரித்து மின்சாரம் எடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? சுமார் 2,000 முதல் 2,500 யூனிட்! போட்டதில் கால்வாசிதான் திரும்புகிறது. மிச்சமெல்லாம் வழியிலேயே சூடாகப் போய்விடுகிறது. நாலு மூட்டை நெல்லைக் குதிரில் போட்டு ஒரு மூட்டை எடுத்தால் அந்தக் குதிரை என்ன சொல்வோம்?

அதே ஒரு டன் அம்மோனியாவை உரமாகப் பாருங்கள். அதில் 820 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 20 கிலோ. அதாவது ஒரு டன் அம்மோனியாவில் 40 மூட்டை யூரியாவிலுள்ள சத்து இருக்கிறது. நெல்லுக்கு ஏக்கருக்கு மூன்று மூட்டை என்று வைத்துக்கொண்டால் 13 ஏக்கருக்குப் போதும்.

ஒரே காற்று, ஒரே பத்து மணி நேரம். ஒரு பக்கம் 13 ஏக்கர் நெல்லுக்கு உரம். மறு பக்கம் ஒரு சின்ன மில்லுக்குக்கூட ஒரு நாள் காணாத மின்சாரம். முதலில் எதற்கு உபயோகிக்க வேண்டும் என்று குடியானவனைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவான்.

ஆனால் மார்க்கெட் என்ன சொல்கிறது? ஜப்பானுக்கு வருவோம். அங்கே ஹெக்கினான் என்ற ஊரிலுள்ள 1,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையப் பிரிவு ஒன்றில், 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையில், ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரிக்குப் பதிலாக அம்மோனியாவை எரித்துப் பரீட்சை நடத்தினார்கள். பரீட்சை பலித்தது. நல்லது. இந்த ஒரே ஒரு பிரிவில் வருஷம் முழுவதும் இப்படி எரிப்பதற்குச் சுமார் 5 லட்சம் டன் அம்மோனியா வேண்டும். மிச்சமுள்ள ஐந்தில் நாலு பங்கு நிலக்கரி எரிந்துகொண்டேதான் இருக்கும்! பழைய நிலக்கரி பாய்லரை மூடாமல் இன்னும் பல வருஷம் லாபம் பார்க்க ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது என்று நாம் சொன்னால் அது மிகையாகுமா?

இந்த ஜப்பானுக்கும் தூத்துக்குடிக்கும் சம்பந்தம் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் என்பது குறி. தூத்துக்குடி துறைமுகத்தை இதற்கு ஒரு கேந்திரமாக அறிவித்தார்கள். 2024-ல் சிங்கப்பூர் கம்பெனி ஒன்று ஜப்பானியக் கம்பெனிகளோடு சேர்ந்து, தூத்துக்குடியிலிருந்து வருஷத்துக்கு 2 லட்சம் டன் அம்மோனியாவை ஏற்றுமதி செய்யும் திட்டத்தில் கையெழுத்திட்டது. நாம் முன்னே போட்ட கணக்கின்படி 2 லட்சம் டன்னுக்கு 200 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். தண்ணீர், ரசாயனக் கணக்குப்படி மட்டும் பார்த்தாலே, டன்னுக்கு 1,600 லிட்டர். சுத்திகரிப்புக்கும் குளிர வைப்பதற்கும் தனி. கடல் நீரைக் குடிநீராக்கி எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். அதைச் சொல்லால் அல்ல, நிபந்தனையால் கட்டிப்போட வேண்டும். ஏனென்றால் தாமிரபரணியின் கடைமடையில் தண்ணீருக்காக நடந்த சண்டைகள் இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்குத் தெரியும்.

கப்பல் விஷயம் வேறு. நடுச் சமுத்திரத்தில் வாரக்கணக்கில் போகிற கப்பலைப் பாட்டரியில் ஓட்ட முடியாது. அங்கே அம்மோனியாவுக்கு நியாயம் இருக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். 2024-ல் டோக்கியோ வளைகுடாவில் அம்மோனியாவில் ஓடும் இழுவைக் கப்பல் ஒன்று வேலைக்கு வந்தது. பெரிய கப்பல்களுக்கான யந்திரங்களையும் செய்துகொண்டிருக்கிறார்கள். கஷ்டங்கள் இல்லாமலில்லை. டீசலோடு பார்த்தால் அதே அளவு தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு வலுதான் கிடைக்கும். ஆகவே தொட்டி பெரிதாக வேண்டும். மெதுவாகவே எரியும், பற்றவைக்க இன்னொரு எரிபொருள் துணை வேண்டும். சரியாக எரிக்காவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு வரும். அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆக, "கரி இல்லை, ஆகவே தோஷம் இல்லை" என்று சொல்வது அரைகுறைப் பேச்சு.

கப்பலும் பாய்லரும் அம்மோனியாவைக் குடிக்கத் தொடங்கினால் வயலுக்கு என்ன ஆகும்? 2022-ல் உக்ரேன் யுத்தத்தை ஒட்டி எரிவாயு விலை ஏறியபோது ஐரோப்பாவில் பல அம்மோனியா ஆலைகளைப் பூட்டிவிட்டார்கள். உலகமெங்கும் உர விலை தாறுமாறாக ஏறிற்று. அப்போது உரத்துக்குப் போட்டியாக எரிபொருளுக்கென்று அம்மோனியா வாங்குகிறவர்கள் இல்லை. நாளைக்குக் கப்பல் கம்பெனியும் மின்சாரக் கம்பெனியும் ஒரு பக்கம், மூன்று ஏக்கர் குத்தகைக்காரன் மறு பக்கம் நின்று ஏலம் கேட்டால் யார் கை ஓங்கும்? நம் நாட்டு யூரியா ஆலைகளுக்கு வேண்டிய எரிவாயுவில் பெரும் பகுதி இறக்குமதி. அதுபோக வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் அம்மோனியாவையே நேராக இறக்குமதி செய்கிறோம். ஒரு பக்கம் வெளிநாட்டு வாயுவில் செய்த அம்மோனியாவை டாலர் கொடுத்து இறக்குகிறோம். மறு பக்கம் நம் காற்றில் செய்த அம்மோனியாவை ஜப்பானிய பாய்லருக்கு ஏற்றப் போகிறோம். இதற்குப் பெயர் திட்டமா?

இதற்கு எதிரான ஒரு உதாரணமும் இருக்கிறது. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. 2025-ல் சர்க்கார் நடத்திய ஏலங்களில் உள்நாட்டு உர ஆலைகளுக்கே பசுமை அம்மோனியா கொடுக்கக் கம்பெனிகள் முன்வந்தன. முதல் ஏலத்தில் கிலோவுக்கு 55 ரூபாய் 75 காசு என்று விலை முடிந்தது. இந்த வழிதான் சரியான வழி. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. யூரியா செய்ய அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயுவிலிருந்து அம்மோனியா செய்யும்போது அது உடன்பிறப்பாகக் கிடைக்கிறது. தண்ணீரைப் பிளந்து செய்தால் கிடைக்காது. வேறிடத்தில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஆகவே இந்தப் புதிய அம்மோனியா முதலில் போவது டி.ஏ.பி., காம்ப்ளெக்ஸ் போன்ற உரங்களுக்குத்தான். யூரியா மூட்டை நாளைக்கே காற்றிலிருந்து வந்துவிடும் என்று எந்த மந்திரியாவது பேசினால் நம்பிவிடாதீர்கள்.

இனி நாம் மிகவும் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அம்மோனியா விஷம். கொஞ்சமாக இருந்தால் நெடி. அதிகமானால் கண்ணையும் தொண்டையையும் சுடும். நுரையீரலில் நீர் கோத்து ஆள் செத்துப்போவான். ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு: கேடு செய்யும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்கு எச்சரித்துவிடும். ஆனால் ஓடுவதற்கு இடமும் வழியும் இருப்பவனுக்கே அந்த எச்சரிக்கை பயன்படும்.

ஆப்பிரிக்காவில் செனெகல் நாட்டின் தலைநகரம் டக்கார். அங்கே ஒரு கடலை எண்ணெய் ஆலை. 1992 மார்ச் 24-ந் தேதி ஆலைக்குள் நின்றுகொண்டிருந்த அம்மோனியா டாங்கர் வெடித்தது. அந்த டாங்கி ஏற்கெனவே விரிசல் விட்டு, பற்றுவைத்து ஓட்டப்பட்ட டாங்கி. அதில், கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் அம்மோனியாவை அடைத்திருந்தார்கள். 129 பேர் செத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் காயம். அம்மோனியாவின் குற்றமா அது? விரிசல் விட்ட டாங்கியை மாற்ற மனமில்லாமல், ஒரு நடையில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் லாபம் என்று கணக்குப் போட்டவர்களின் குற்றம். ஓவர்லோடு லாரியை ஓட்டும் டிரைவர் தோழர்களுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில் எண்ணூரில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சு முட்டி எழுந்து, குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதனிடும் ஆலையில் அம்மோனியா கசிந்து சுமார் 30 பெண் தொழிலாளர்கள் மயங்கி விழுந்தார்கள். அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த பெண்கள். அந்த ஆலையில் இருந்த அம்மோனியா எவ்வளவு? நாளை துறைமுகத்தில் நிற்கப் போகும் தொட்டிகளில் இருக்கப் போவது எவ்வளவு?

இந்த இடத்தில் ஒரு தோழர், "அப்படியானால் ஆலையே வரக் கூடாது என்கிறீர்களா?" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை, தோழர். காற்றை வீணாக்காமல் உரமாக்குவது நல்ல காரியம்; நங்கலில் நம் சர்க்காரே செய்த காரியம். ஆலை வரட்டும். முதல் டன் உள்நாட்டு உர ஆலைக்குப் போகட்டும், மிஞ்சினால் கப்பலுக்கு. நிலம் எடுப்பதானால் குடியானவனுக்கு மட்டுமல்ல, அந்த நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவனுக்கும் நஷ்ட ஈடும் வேலையும் வேண்டும். பட்டா இல்லாத காரணத்தால் நம்மவர்கள் பெயர் எந்த லிஸ்டிலும் வராமல் போவது வழக்கமாகிவிட்டது. தொட்டிக்கும் குடியிருப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம், கசிந்தால் சங்கு ஊதுவது யார், கிராமத்துக்கு எத்தனை வண்டிகள் வரும் என்பதை ஆலை கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். வால்வைத் திறந்து மூடுகிற வேலையில் இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிற ஒப்பந்தத் தொழிலாளியை நிறுத்தக் கூடாது. பழகிய கைக்குத்தான் குழாயின் சத்தம் மாறுவது தெரியும். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர்கள் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மீன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தோழர் கேட்டிருக்கிறார்: "கசிந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை." இந்த வகுப்பிலேயே மிகவும் அவசியமான கேள்வி இதுதான்.

முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். கட்டியிருக்கும் கொடியோ, தூவிய ஒரு பிடி மண்ணோ காட்டிக்கொடுக்கும். காற்றோடு ஓடாதீர்கள், வாயுவும் உங்களோடு ஓடிவரும். காற்றுக்குக் குறுக்காக ஓடி, பிறகு காற்று வருகிற திக்கை நோக்கிப் போங்கள். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று சொல்வார்கள். திரவமாகக் கசியும்போது குளிர்ந்த வெண்பனியாகத் தரையோடு தரையாகவே பரவும். ஆகவே பள்ளத்தில் இறங்காதீர்கள், குனிந்து ஒளியாதீர்கள். துண்டையோ முந்தானையையோ தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அம்மோனியாவைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். வாயு நிறைந்த அறையில் யாராவது விழுந்து கிடந்தால் முகமூடி இல்லாமல் உள்ளே பாயாதீர்கள். ஒருவருக்காக இரண்டு பேர் விழுவதுதான் நடக்கும். வெளியே வந்ததும் நனைந்த துணியைக் களைந்துவிட்டு உடம்பைத் தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கசக்கக் கூடாது. இமையை விலக்கிப் பிடித்துக்கொண்டு குறைந்தது பதினைந்து நிமிஷம் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.